உங்களுக்குத் தெரியுமா? – வெளிநாட்டில் தங்க ஒரு விசா

ஓய்வு பெற்றவர்களுக்கென்றே தனி விசா தரும் நாடுகள் பல இருக்கின்றன. அமெரிக்காவில் அப்படி ஒரு பிரிவே கிடையாது. வங்கியில் எத்தனை கோடி வைத்திருந்தாலும், "ரிட்டயர் ஆகிவிட்டேன், இனி இங்கேயே இருக்கிறேன்" என்று அங்கே விண்ணப்பிக்க முடியாது. ஆனால் 21 வயது நிறைந்த பிள்ளை அமெரிக்கக் குடிமகனாகிவிட்டால், பெற்றோருக்கு கிரீன் கார்டு கேட்கலாம். ஆஸ்திரேலியாவில் ஓய்வுக்கென ஒரு முதலீட்டு விசா இருந்தது. 2018-ல் அதற்குப் புதிய விண்ணப்பம் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள்.

*

தாய்லாந்தில் 50 வயது நிறைந்திருந்தால் ஓய்வு விசாவுக்குப் போகலாம். அந்த நாட்டு வங்கியில் உங்கள் பெயரில் 8 லட்சம் பாட் இருக்க வேண்டும். நம் பணத்தில் 20 லட்சம் ரூபாய்க்கு மேல். அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். ஓராண்டு அனுமதி கிடைக்கும். பிறகு ஆண்டுதோறும் 1,900 பாட் கட்டி நீட்டித்துக்கொண்டே போகலாம்.

ஆனால் அந்த 8 லட்சத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கும் முன் 2 மாதமும், அனுமதி கிடைத்த பின் 3 மாதமும் பணம் முழுசாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகும் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. ஆக, ஆண்டில் 5 மாதம் முழுப் பணமும், மீதி 7 மாதம் பாதிப் பணமும் கைக்கு வராமல் முடங்கிக் கிடக்கும். மருத்துவச் செலவுக்கும் வீட்டு வாடகைக்கும் இதை நம்பிப் போகக் கூடாது. அதற்குத் தனியாகப் பணம் வேண்டும். கணக்குப் போடும்போது பலர் தவறவிடும் இடம் இதுதான்.

*

இதே தாய்லாந்தில், ஓராண்டு அனுமதி கையில் இருந்தாலும் 90 நாளுக்கு ஒருமுறை "இந்த முகவரியில்தான் இருக்கிறேன்" என்று குடிவரவு அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். பாஸ்போர்ட்டுக்குள் ஒரு சின்னச் சீட்டைப் பின் அடித்துத் தருவார்கள். அடுத்து வர வேண்டிய தேதி அதில் இருக்கும். 15 நாள் முன்னாலும் போகலாம், 7 நாள் பிந்தியும் போகலாம். அதற்கும் மேல் தாமதமானால் அபராதம்.

*

இன்னொன்றையும் தாய்லாந்துக்குப் போகிறவர்கள் மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டும். பேரனின் காதுகுத்துக்கோ, ஒரு சாவுக்கோ அவசரமாக ஊருக்கு வருகிறீர்கள். கிளம்பும் முன் மறுநுழைவு அனுமதி வாங்காமல் விமானம் ஏறினால், அதுவரை வாங்கி வைத்திருந்த ஓராண்டு நீட்டிப்பு அன்றோடு ரத்து. திரும்பிப் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒருமுறை போய்வர 1,000 பாட், பலமுறைக்கு 3,800 பாட். துக்கச் செய்தி சொல்லிக்கொண்டு வருவதில்லை. அதனால் 3,800 பாட் சீட்டை முதல் நாளிலேயே வாங்கி வைப்பதுதான் நல்லது.

*

தங்க அனுமதி வேறு, வேலை செய்ய அனுமதி வேறு. ஓய்வு விசாவில் இருப்பவர் தாய்லாந்தில் சம்பளத்துக்கு டியூஷன் எடுக்கக்கூட முடியாது. அதற்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும். முடிதிருத்துதல், தாய் மசாஜ், சுற்றுலா வழிகாட்டுதல் போன்ற சில தொழில்கள் அந்நாட்டு மக்களுக்கு மட்டுமே என்று சட்டமே ஒதுக்கி வைத்திருக்கிறது. ஸ்பெயினிலும் வருமானத்தைக் காட்டித் தங்கும் விசா ஒன்று உண்டு. அதிலும் வேலை பார்க்கத் தடை.

*

வசதி உள்ளவர்களுக்கு வழி எளிது. 2022 செப்டம்பரில் தாய்லாந்து 10 ஆண்டு விசாவைத் தொடங்கியது. 50 வயது கடந்த ஓய்வூதியர் ஆண்டுக்கு 80,000 டாலர் வருமானம் காட்ட வேண்டும். வருமானம் 40,000 டாலர்தான் என்றால், அங்கே இரண்டரை லட்சம் டாலர் முதலீடும் இருக்க வேண்டும். இவர்கள் 90 நாளுக்கு ஒருமுறை முகவரி சொல்ல வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை போதும்.

*

மலேசியாவின் 'என் இரண்டாம் வீடு' திட்டம் 1996-ல் 'வெள்ளி முடி' என்ற பெயரில் முதியவர்களுக்காகத் தொடங்கியது. 2002-ல் இப்போதைய பெயர் வந்தது. கோயில், தமிழ்ப் பள்ளி, வாழையிலைச் சாப்பாடு எல்லாம் இருக்கும் நாடு என்பதால் நம்மவர்களுக்கு அதன்மேல் தனி ஆசை. ஆனால் 2024-ல் வந்த விதிப்படி, வெள்ளி என்ற பிரிவுக்கு ஒன்றரை லட்சம் டாலர் வைப்புத்தொகை வேண்டும். 6 லட்சம் ரிங்கிட்டுக்குக் குறையாத வீடும் வாங்க வேண்டும். அந்த வீட்டை 10 ஆண்டுக்கு விற்க முடியாது. இத்தனைக்கும் கிடைப்பது 5 ஆண்டு விசா. 5 ஆண்டு விசாவுக்கு 10 ஆண்டு விற்க முடியாத வீடு என்பது எனக்குச் சரியான பேரமாகப் படவில்லை. அங்கே ஓராண்டாவது வாடகைக்கு இருந்து பார்க்காமல் யாரும் இதில் இறங்க வேண்டாம்.

*

துபாயில் ஓய்வு விசா 2020-ல் வந்தது. வயது 55, காலம் 5 ஆண்டு, புதுப்பிக்கலாம். 10 லட்சம் திர்ஹாம் மதிப்புள்ள சொத்து, அல்லது அதே அளவு சேமிப்பு, அல்லது குறிப்பிட்ட மாத வருமானம் வேண்டும். 10 லட்சம் திர்ஹாம் என்றால் இரண்டு கோடி ரூபாய்க்கு மேல்.

30 ஆண்டு அங்கே கம்பி கட்டியவருக்கும் லாரி ஓட்டியவருக்கும் இந்தத் தொகை எட்டாது. அவர்களின் விசா வேலையோடு கட்டப்பட்டது. வேலை முடிந்தால் விசாவை ரத்து செய்வார்கள். கொஞ்சம் அவகாசம், அப்புறம் ஊர். தன் வாழ்நாளில் பாதியை அந்த மணலில் செலவழித்த ஒருவருக்கு அங்கே நிற்க ஓர் அடி இடமில்லை என்பதை நினைத்தால் மனசு கனக்கிறது. அங்கே இருப்பவர்கள் சம்பளம் வரும்போதே ஊரில் ஒரு வருமானத்துக்கு வழி செய்து வையுங்கள்.

துபாய் உள்ளிட்ட ஐக்கிய அரபு எமிரேட்ஸின் சாதாரணக் குடியிருப்பு விசாவில் இருப்பவர் தொடர்ந்து 6 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் விசா செல்லாமல் போகும். கோல்டன் விசா என்ற நீண்டகால விசா உள்ளவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

*

டொராண்டோவில் பிள்ளைகள் இருக்கும் யாழ்ப்பாணத்து அம்மாக்களும் கோயம்புத்தூர் அப்பாக்களும் கேட்கும் பெயர் 'சூப்பர் விசா'. 2011 டிசம்பரில் கனடா இதைத் தொடங்கியது. 2022 ஜூலையிலிருந்து ஒருமுறை நுழைந்தால் 5 ஆண்டு வரை தங்கலாம். கனடாவில் இருக்கும் பிள்ளை அல்லது பேரப்பிள்ளையின் வருமானம் அரசு சொல்லும் அளவைத் தொட வேண்டும். பெற்றோருக்கு மருத்துவப் பரிசோதனையும், குறைந்தது ஒரு லட்சம் கனடா டாலர் மருத்துவக் காப்பீடும் கட்டாயம். வயது ஏற ஏறக் காப்பீட்டுப் பிரீமியமும் ஏறும். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் இன்னும் கூடும். விசாக் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்த குடும்பங்கள் பிரீமியத் தொகையைக் கேட்டுத் திகைத்துப் போகின்றன. முதலில் அந்தத் தொகையை விசாரியுங்கள்.

*

இந்தியாவில் குடியிருப்பவர் பொதுவாக ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரைதான் வெளிநாட்டுக்கு அனுப்பலாம். 2004-ல் இந்த அனுமதி வந்தபோது உச்சவரம்பு 25,000 டாலர். வீடு, வைப்புத்தொகை இரண்டும் இந்த ஒரே வரம்புக்குள் அடங்க வேண்டும்.

ஓய்வூதியம் வாங்குபவர் எந்த நாட்டில் இருந்தாலும் ஆயுள் சான்றும் கொடுத்தாக வேண்டும். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு அது நவம்பர் மாதம். தவறினால் பென்ஷன் நின்றுவிடும்.

*

வேலைக்காகப் போகும் இளைஞர்களுக்கு ஒரு செய்தி. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வுச் சோதனை தேவை என்ற குறிப்பு இருக்கும். வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர்கள் அரசிடம் அனுமதி பெற வேண்டும். "டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்று ஏஜென்ட் சொல்வது இந்தச் சோதனையைத் தாண்டத்தான். 2022-ல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள் எல்லை தாண்டி மியான்மருக்குக் கொண்டுபோகப்பட்டு, இணைய மோசடிக் கும்பலிடம் சிக்கினார்கள். ஒரு பகுதியினரை மீட்டுச் சென்னைக்கு அழைத்து வந்தார்கள்.

பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி-யும்தான். லட்சக்கணக்கில் கேட்பவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.

*

கடைசியாக, தமிழர்களுக்கே உரிய ஒரு சிக்கல்: இனிஷியல். பென்ஷன் புத்தகத்தில் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து. பாஸ்போர்ட்டில் அதே எழுத்து அப்பா பெயராக விரிந்து, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். திருமணச் சான்றிதழில் மனைவியின் பெயருக்கு முன்னால் பிறந்த வீட்டு இனிஷியல்; ஆதாரில் கணவர் பெயர். நமக்கு இது ஒரே ஆள் என்று தெரியும். வெளிநாட்டுத் தூதரகத்தில் கவுண்டருக்குப் பின்னால் இருப்பவருக்கு அது மூன்று ஆள்.

2022 நவம்பரில் ஐக்கிய அரபு எமிரேட்ஸ், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா இல்லை என்று அறிவித்தது. குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டிருந்த பலர் கலங்கிப் போனார்கள். பாஸ்போர்ட்டின் பின்பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது.

எந்த நாடு என்று முடிவு செய்வதற்கு முன்பே, இன்று மாலை பாஸ்போர்ட், பென்ஷன் புத்தகம், ஆதார், திருமணச் சான்றிதழ் நான்கையும் மேசைமேல் வரிசையாக வைத்து, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் திருத்தும் வேலையை நாளைக் காலையே தொடங்குங்கள்.