இழந்த மகவின் பெயரால்

பெங்களூர்க் கோட்டையை அடுத்து வாணி விலாஸ் மருத்துவமனை அமைந்துள்ளது. மைசூர் அரசின் ஆட்சிப் பொறுப்பை 1895 முதல் 1902 வரை இளவயது மைந்தருக்காக ஏற்று நடத்திய மகாராணி கெம்பநஞ்சம்மணியாரின் சிறப்புப் பெயரைத் தாங்கி, 1935இல் தோன்றிய மகப்பேற்று மருத்துவமனை இது. இங்கு 2022இல் 'அம்ருததாரே' என்னும் பெயரில் தாய்ப்பால் வங்கியொன்று திறக்கப்பெற்றது. தீவிர சிகிச்சைப் பிரிவிலுள்ள பச்சிளங் குழந்தைகளுக்காக ஏற்பட்டவை இத்தகைய வங்கிகள். அதே பிரிவில் தம் மகவை இழந்த தாயருக்கும் இவ்வங்கிகள் ஒரு வழியைத் திறந்து வைத்துள்ளன என்பது பலரும் அறியாத செய்தி.

நமது நாட்டில் பிறந்த 28 நாள்களுக்குள் இறக்கும் குழந்தைகள் 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி ஆயிரத்துக்கு 20 பேர். அதாவது ஐம்பதில் ஒன்று. 2030க்குள் இதனை ஒற்றை இலக்கத்துக்குக் கொணர வேண்டுமென்று 2014இல் வகுக்கப்பெற்ற பச்சிளங் குழந்தைச் செயல் திட்டம் குறிக்கோள் கொண்டுள்ளது. எண்ணிக்கை குறைந்து வருகிறது. ஆயினும் இழந்த வீட்டுக்கு அந்த ஒன்று முழு எண்ணே.

இந்த இழப்புக்கு நம் சமுதாயத்தில் சடங்கு மிகக் குறைவு. பெரியோர் இறந்தால் பதினாறு நாள் துக்கமும் ஆண்டுதோறும் திதியும் உண்டு. சின்னஞ்சிறு குழந்தையைப் பெரும்பாலும் ஓசையின்றிப் புதைத்து விடுகின்றனர். பல வீடுகளில் தாய் அங்கே செல்வதும் இல்லை. "மறந்து விடு, அடுத்தது பிறக்கும்" என்பதே அவளுக்குக் கிடைக்கும் ஆறுதல். ஆனால் இறந்து பிறந்த குழந்தையையும் ஆள் அன்று என ஒதுக்காமல், வீரனுக்குரிய வாள் வடுவைத் தந்து அடக்கம் செய்த மன்னர் குடி வழக்கத்தைப் புறநானூற்றின் 74ஆம் பாடல் குறிக்கின்றது. 1961ஆம் ஆண்டின் மகப்பேற்றுப் பயன் சட்டமும் 'குழந்தை' என்னும் சொல்லுக்குள் இறந்து பிறந்த குழந்தையையும் அடக்கியே வரையறை செய்தது. பழம்பாடலும் தொழிலாளர் சட்டமும் கணக்கில் கொண்ட உயிரை ஊரார் கணக்கில் கொள்ளத் தயங்குவது வியப்புக்குரியது.

உடல் எளிதில் மறப்பதில்லை. பேறு முடிந்து இரண்டு மூன்று நாள்களில், குழந்தை இருப்பினும் இல்லாவிடினும், பால் கட்டத் தொடங்கும். தென்னாட்டில் மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டிப் பாலை வற்றச் செய்வது வழிவழி வந்த முறை. 1988இல் மருத்துவ இதழொன்றில் வெளியான ஆய்வு, இம்முறை புரோமோகிரிப்டீன் மருந்துக்கு ஒப்பான பயன் தந்ததாகக் கண்டது. எனவே பாலை நிறுத்த விரும்பும் தாய்க்கு வழி உண்டு; அவ்விருப்பத்தில் குறை காணவும் ஏதுமில்லை. நிறுத்த விரும்பாதவளுக்கு என்ன வழி என்பதே இங்கு எழும் வினா.

ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989 நவம்பரில் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் முயற்சியால் தொடங்கப்பெற்றது. நடுவண் அரசின் நலவாழ்வு அமைச்சகம் 2017இல் பொது மருத்துவமனைகளுக்கான பாலூட்டல் மேலாண்மை மையங்கள் பற்றிய வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. குழந்தையை இழந்த தாயும் தாமே முன்வந்தால் பால் வழங்கலாம். இதற்கு விலையில்லை; எழுத்து மூலமான ஒப்புதல் வேண்டும். எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி பி, மேகநோய் ஆகியவற்றுக்கான குருதிச் சோதனைக்குப் பின் பால் பெறப்பட்டு, 62.5 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் வைக்கப்படுகிறது. விரைவாகக் குளிர்வித்து, கிருமி வளர்ச்சி இல்லையெனச் சோதித்த பிறகே, பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகையில் உறையச் செய்து சேமிக்கப்படுகிறது.

இத்தாயரின் பாலுக்குத் தனிச் சிறப்பு ஒன்றுண்டு. வங்கிக்கு வழக்கமாகப் பால் தருவோர், நிறைமாதத்தில் பிறந்து நன்கு வளரும் குழந்தைகளின் அன்னையர். குறைமாதத்தில் ஈன்ற தாயின் பாலிலோ முதற் சில வாரங்களில் புரதச் சத்து கூடுதலாக உள்ளது. தீவிர சிகிச்சைப் பிரிவில் மகவை இழந்தோரில் பலர் குறைமாதத்தில் ஈன்றவர்களே. ஆகவே, அப்பிரிவில் எஞ்சியுள்ள குழந்தைக்கு மிகப் பொருத்தமான பால் அவர்களிடமே சுரக்கின்றது. அளவும் பெரிதாக வேண்டுவதில்லை. ஒரு கிலோ எடையுள்ள குழந்தை முழு உணவு நிலையை எட்டும்போதும் நாளொன்றுக்கு 150 முதல் 180 மில்லி லிட்டர் போதும்; ஒரு லிட்டர் பால் ஏறக்குறைய ஆறு நாளைக்கு வரும். முதல் நாள்களிலோ சில மில்லி லிட்டர்களே புகட்டப்படும். சொந்தத் தாயின் பால் கிட்டாதபோது, மாவுப்பாலுக்குப் பதிலாக இப்பாலைப் புகட்டினால் குடல் திசு அழுகும் கொடிய நோய் குறைவது ஆய்வுகளால் உறுதிப்பட்டுள்ளது.

எல்லாத் தாயராலும் பால் தர இயலாது. தந்தையரும் பாட்டிமாரும் கூட இறந்த குழந்தையின் பெயரால் ஏதேனும் செய்ய விழைவதுண்டு. நல்லெண்ணத்தோடு மாவுப்பால் டப்பாக்களை வாங்கி மருத்துவமனையில் கொடுக்க எண்ணுவோர் ஒன்றை அறிதல் வேண்டும்: 1992ஆம் ஆண்டின் குழந்தைப்பால் மாற்றுப்பொருள் சட்டம் அதனைத் தடை செய்கிறது. அனாதை இல்லங்களுக்கு மட்டுமே விலக்கு. பொம்மைகளுக்கும் அப்பிரிவுக்குள் இடமில்லை.

உண்மையில் குறைபடுவது வேறு. குழந்தை வாரக்கணக்கில் உள்ளே இருக்க, தாய்க்குப் படுக்கை இல்லாமற் போகிறது. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து பெங்களூருக்கு வரும் எளிய குடும்பத்துக்கு, நோயுற்ற பச்சிளங் குழந்தையின் சிகிச்சையும் ஊர்தி வசதியும் அரசு மருத்துவமனைகளில் 2011இல் தொடங்கிய ஜனனி சிசு சுரட்சா காரியக்ரம் வழியே இலவசமாகக் கிட்டும். ஆனால் தந்தையின் நாட்கூலி இழப்பு, மூத்த குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள், துணைக்கு வந்தோரின் இரவுத் தங்கல் ஆகியவற்றை எத்திட்டமும் முழுமையாக ஈடு செய்வதில்லை. தாய் தொடர்ந்து அருகிலிருந்தால்தான் குழந்தையை மார்போடு அணைத்து வைக்கும் 'கங்காரு' முறைப் பராமரிப்பு இயலும். எடை குறைந்த குழந்தையை, உடல்நிலை சீரடையும் வரை காத்திராமல் பிறந்த உடனேயே இவ்வாறு அணைத்தால் 28 நாள்களுக்குள் நேரும் இறப்பு கால் பங்கு குறைவதாக, இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. எனவே தாய் தங்க ஓர் அறையும் வேளைச் சோறும் அளிப்பதும் மருத்துவ உதவியே. துயருற்ற குடும்பம் ஓர் அறையின் வாடகையை ஏற்பது, பெயர்ப் பலகையோடு கூடிய கருவியைவிடப் பல வேளைகளில் பயன் மிகுந்தது.

ஒரு குழந்தையின் இறப்பு அறிவியலையே உந்தியதும் உண்டு. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியின் மகன் பேட்ரிக் 1963 ஆகஸ்டில் குறைமாதத்தில் பிறந்து, நுரையீரல் முதிராமையால் 39 மணி நேரமே வாழ்ந்தான். அதன்பின் அந்நோய் பற்றிய ஆராய்ச்சியில் மக்கள் கவனம் பெருகியது. 1971இல் மூச்சுக்குத் தொடர் அழுத்தம் தரும் முறையும், 1980இல் நுரையீரலுக்குள் செலுத்தும் பரப்பு மருந்தும் வெற்றி கண்டன. அத்தகைய குழந்தைகள் இன்று பெரும்பாலும் பிழைக்கின்றன.

இனி, கேட்கும் முறை. பால் தருமாறு துயரத்தில் இருப்பவளிடம் கேட்பது கொடுமையாகலாம்; கேட்காமலே விடுவதும் அவளுக்குரிய தேர்வை மறைப்பதாகும். பால் சேர்க்கும் பணியாளரன்றி, அவளை முன்பே அறிந்த செவிலியர் சொல்வது நன்று. அவளது மொழியில் சொல்லவேண்டும். பெங்களூரில் அது கன்னடமாகவும் இருக்கலாம், தமிழாகவும் தெலுங்காகவும் உருதுவாகவும் இருக்கலாம். மறுமொழிக்கு அவசரம் கூடாது. உடல் தேற ஓய்வும் வேண்டும். நடுவண் அரசுப் பெண் ஊழியர்க்கு, குழந்தை இறந்து பிறந்தாலோ 28 நாள்களுக்குள் இறந்தாலோ 60 நாள் சிறப்பு மகப்பேற்று விடுப்பு 2022 செப்டம்பரில் ஆணையிடப்பட்டது. பால் தர இசைந்த தாய் சில நாளோ சில வாரமோ தரலாம். எந்நாளும் நிறுத்திக் கொள்ளலாம். ஒரேயடியாக நிறுத்தினால் மார்பு கட்டிக் காய்ச்சல் காணக்கூடும் என்பதால், பீய்ச்சும் வேளைகளை ஒவ்வொன்றாகக் குறைத்து வருமாறு செவிலியர் அறிவுறுத்துகின்றனர்.