வரலாற்று ஆசிரியருக்குப் பரிந்துரைக் கடிதம்: யார் எழுதுவது, என்ன எழுதுவது?

பயிற்சிக்கு வந்த இளம் ஆசிரியர் வரலாற்றை நன்றாகப் போதித்தால், "அவரையே நம் பள்ளிக்குப் போடுங்கள்" என்று பெற்றோர் பள்ளி வாரியத்திடம் கேட்பார்கள். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் இது புதிதல்ல.

அந்தக் காலத்தில் இது எளிது. 1923 தொழிலாளர் சட்டம் பள்ளி நடத்தும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடம் விட்டது. துரை தலையசைத்தால் கங்காணியும் வாத்தியார் ஆகலாம். 1974 முதல் நியமனம் கல்விச் சேவை ஆணையத்தின் கையில். எந்தப் பள்ளி என்பதைக் கல்வி அமைச்சு முடிவு செய்யும். வாரியத்தின் கடிதம் இரண்டையும் கட்டுப்படுத்தாது.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, பள்ளியில் காலியிடம் உண்டா, அதைத் தலைமையாசிரியர் மாவட்டக் கல்வி இலாகாவுக்குத் தெரிவித்துவிட்டாரா என்பதுதான். 150க்கும் குறைவான மாணவர்கள் படிக்கும் பள்ளிகளில் வகுப்புகள் குறைவு, பணியிடங்களும் குறைவு. வரலாற்று ஆசிரியர் வேறு பாடங்களும் எடுக்க நேரும். அவரால் அது முடியும் என்பதையும் கடிதம் சொல்ல வேண்டும்.

"நல்லவர், பண்பானவர்" என்ற வரிகள் யாருக்கும் பொருந்தும். படிப்பவர் தாண்டிப் போய்விடுவார். வகுப்பில் நடந்ததை எழுதுங்கள். 2014இல் நான்காம் ஆண்டுக்கு வரலாறு கட்டாயப் பாடமாக வந்தது. கொள்ளுத்தாத்தா சயாம் ரயில் பாதை போடப் போன கதையைப் பாட்டியிடம் கேட்டு எழுதி வரும்படி அந்த மாணவர்களிடம் ஆசிரியர் சொல்லியிருந்தால், அந்த ஒரு வரியே போதும். எழுத வேண்டியவர் வகுப்பை நேரில் பார்த்த வழிகாட்டி ஆசிரியர் அல்லது தலைமையாசிரியர். அரசியல்வாதியின் கடிதம் எதற்கு?

நகலை அந்த ஆசிரியரிடமே கொடுத்துவிடுங்கள். சபாவுக்கோ ஜொகூருக்கோ அனுப்பினாலும், அது அவருடன் போகும்.