ஆங்கிலக் கூட்டுப் பெயரடைகள்: அசைப்பிரிப்பும் அழுத்தமும்

1. நோக்கம்

தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்கும் சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் ஆங்கிலம் கற்போர், கூட்டுப் பெயரடைகளை ஒலிப்பதில் இடர்ப்படுவர். இதனைக் கவனக்குறைவு எனக் கொள்வது பொருந்தாது. தம் மொழிக்குரிய அலகுகளைக் கொண்டு அவர்கள் ஆங்கில அசைகளை எண்ணுவதை இக்கட்டுரை விளக்குகிறது.

2. அசை எனும் அலகு

ஒலியியலில் அசை என்பது பெரும்பாலும் ஓர் உயிரை உச்சமாக உடையது. யாப்பசை இதனின் வேறானது. 'மலர்' யாப்பில் ஒரு நிரையசை, ஒலிப்பில் ஈரசை. தொல்காப்பியம் கூறும் நேர்பசையில், 'வண்டு' என்பது குற்றியலுகரத்தையும் உட்கொண்டு ஓரசையாகவே நிற்கிறது. தெலுங்கு எழுத்துமுறையிலோ மெய்ம்மயக்கம் பின்வரும் உயிரோடு சேர்ந்து ஓரெழுத்தாகும். ஆகவே 'புஸ்-த-கம்' என ஒலிப்பது 'பு-ஸ்த-கம்' என எழுதப்படுகிறது.

3. அசைப்பிரிப்பு

எழுத்தை விடுத்து ஒலியை நோக்கிப் பிரித்தல் வேண்டும்.

ஓல்ட்-ஃபேஷண்ட்: ஓல்ட் / ஃபே / ஷண்ட் (3 அசை)
ஆப்சென்ட்-மைண்டிட்: ஆப் / சென்ட் / மைண் / டிட் (4 அசை)

இறந்தகால ஈறு, வல்லொலி மென்னொலி ஆகிய இருவகை டகரத்தின் பின்னரே இத்தகு சொற்களில் தனியசையாகும். 'ஓல்டு-ஃபேஷண்டு' என இரு மொழியினர்க்கும் இயல்பான உகரம் ஏறின், 3 அசை 5 ஆகிவிடும்.

4. அழுத்தம்

தமிழில் அழுத்தம் சொற்பொருளை வேறுபடுத்துவதில்லை. எனவே கற்போர் இரு உறுப்புகளையும் ஒரே அளவில் அழுத்துவர். ஆங்கிலத்தில் பெரும்பான்மை வழக்கு வருமாறு (மேற்குறி முதன்மை அழுத்தத்தைக் காட்டும்):

அ) பண்புச்சொல்லோடு இறந்தகால ஈற்றுச்சொல் சேரின் இரண்டாம் உறுப்பில்: பேட்-'டெம்பர்ட்.
ஆ) எண் முதலில் வரின் இரண்டாம் உறுப்பில்: செகண்ட்-'கிளாஸ்.
இ) பெயரோடு 'இங்' ஈற்றுச்சொல் சேரின் முதல் உறுப்பில்: 'டைம்-சேவிங்.

முதலிரு வகைகளும் சூழலுக்கேற்ப மாறும். பயனிலையாக வரும்போது 'ஓல்ட்-'ஃபேஷண்ட்' என்பது, 'கோட்' எனும் பெயருக்கு அடையாகும்போது ''ஓல்ட்-ஃபேஷண்ட் 'கோட்' என ஒலிக்கும். அழுத்தங்கள் நெருங்கி மோதாமலிருக்கவே இவ்விடமாற்றம் நிகழ்கிறது. அகராதி தலைச்சொல்லுக்குத் தருவது தனிநிலை அழுத்தமே. அதனை எல்லா இடத்தும் பின்பற்றுவோர் இங்கேதான் தவறுவர்.

5. முடிவு

உகரம் நீக்கி எண்ணுதல், அழுத்தம் குறித்தல், தொடரில் வைத்து ஒலித்தல் என்ற வரிசையில் பயிற்சி அமைதல் நன்று. தமிழில் ஒலிபெயர்ப்போரும் சொல்லிறுதி மெய்க்குப் புள்ளியிட்டு, அழுத்தக்குறியும் சேர்த்தால், படிப்போர் அசை மிகாமல் ஒலிக்க அது துணைசெய்யும்.