செயற்கை மூட்டு பழுதானால் சட்டம் தரும் துணை



செஞ்சிக் கோட்டையின் படிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். நாற்று நட்டும், களை எடுத்தும், சுமை தூக்கியும் உழைத்த நம் பெரியவர்கள் பலருக்கு வயதான காலத்தில் கோவில் படி ஏறுவதே பெரும்பாடாகி விடுகிறது. முண்டியம்பாக்கம், புதுச்சேரி, சென்னை என்று சென்று மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொள்கிறார்கள். பெரும்பாலானோர் நலமாக நடக்கிறார்கள். ஆனால் உள்ளே வைத்த மூட்டே பழுதாக இருந்தால் என்ன செய்வது?

சில மாதங்களுக்கு முன் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஓர் அம்மா மஞ்சள் பையுடன் வந்தார். "சாமி, ஆபரேசன் பண்ணி ரெண்டு வருசம் ஆகப்போவுது. வலி நிக்கல. உள்ள வெச்சது சரியில்லையோன்னு பயமா இருக்கு. யார்கிட்ட போய் கேக்குறது?" என்றார். பையில் மாத்திரைச் சீட்டும் பணம் கட்டிய ரசீதும் இருந்தன. எந்த நிறுவனத்தின் மூட்டு வைக்கப்பட்டது என்று காட்டும் தாள் மட்டும் இல்லை. அந்தத் தாள் எவ்வளவு முக்கியம் என்பதை நம் நாட்டில் நடந்த ஒரு நிகழ்வே காட்டுகிறது.

ஜான்சன் அண்டு ஜான்சன் குழுமத்தைச் சேர்ந்த டிப்யூ நிறுவனம் ஏ.எஸ்.ஆர். என்ற செயற்கை இடுப்பு மூட்டை விற்றது. அதில் பந்தும் உலோகம், கிண்ணமும் உலோகம். இரண்டும் உராயும்போது கோபால்ட், குரோமியம் ஆகிய உலோகங்கள் இரத்தத்தில் கலந்தன. சுற்றியுள்ள தசைகள் கெட்டன. பலருக்கு மீண்டும் அறுவைச் சிகிச்சை செய்ய நேர்ந்தது. 2010 ஆகஸ்டில் நிறுவனம் அதை உலகெங்கும் திரும்பப் பெற்றது. அமெரிக்காவில் 2013-இல் சுமார் 8,000 பேரின் வழக்குகளுக்காக ஏறத்தாழ 250 கோடி டாலர் தர நிறுவனம் உடன்பட்டது.

இந்தியாவில் நடந்தது வேறு. இங்கே சுமார் 4,700 அறுவைச் சிகிச்சைகளில் இம்மூட்டு பயன்படுத்தப்பட்டது. நடுவண் அரசு 2017-இல் அமைத்த நிபுணர் குழு, மறுஆண்டு தந்த அறிக்கையில் ஒவ்வொருவருக்கும் குறைந்தது 20 இலட்சம் ரூபாய் இழப்பீடு தரப் பரிந்துரைத்தது. 2018 நவம்பரில் வயதையும் ஊனத்தின் அளவையும் கொண்டு 30 இலட்சம் முதல் 1 கோடியே 23 இலட்சம் வரை வழங்க ஒரு கணக்கு முறை வகுக்கப்பட்டது. நிறுவனம் அதை எதிர்த்து டெல்லி உயர்நீதிமன்றம் சென்றது. மறு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டதாகச் சரிபார்க்கப்பட்ட 67 பேருக்குத் தலா 25 இலட்சம் தர முன்வருவதாக 2019 மே மாதத்தில் தெரிவித்தது.

4,700 எங்கே, 67 எங்கே? மூட்டு பொருத்தப்பட்டவர்களில் 3,600-க்கும் மேற்பட்டோரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. தங்கள் உடலுக்குள் இருப்பது இன்னதென்று அறியாமலே எத்தனை பேர் வலியைத் தாங்கிக்கொண்டிருந்தார்களோ! பெயரும் தாளும் இல்லாதவரைத் தேடி எந்த நீதியும் வராது.

இன்றைய சட்டம் நமக்குச் சாதகமாகவே உள்ளது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பொருளால் விளைந்த தீங்குக்கு உற்பத்தியாளரையே பொறுப்பாக்குகிறது. தயாரிப்பிலோ வடிவமைப்பிலோ குறை இருந்தாலும், போதிய எச்சரிக்கை தரப்படாமல் இருந்தாலும் இழப்பீடு கேட்கலாம். மருத்துவருக்கு எச்சரிக்கை கொடுத்துவிட்டோம் என்று நிறுவனம் வாதிடவும் அதே சட்டத்தில் இடம் உண்டு. ஆகவே எந்தக் குறையைச் சுட்டுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும்.

எனவே செய்ய வேண்டியவை இவை:

1. அறுவைச் சிகிச்சைக் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி, மூட்டின் பெட்டியிலிருந்த ஸ்டிக்கர் ஆகியவற்றின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். ஸ்டிக்கரில் நிறுவனத்தின் பெயர், மாடல், தொகுப்பு எண் ஆகியவை இருக்கும். மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்திற்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான ஒழுங்குமுறை விதி.

2. வேறொரு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். வலிக்கெல்லாம் பழுதான மூட்டே காரணம் அல்ல; தொற்றாலும் வலி வரலாம், மூட்டு தளர்ந்தாலும் வரலாம். காரணம் தெரியாமல் மருத்துவரைக் குறை சொல்வதும் அநீதியே.

3. மறு அறுவைச் சிகிச்சை நடந்தால், வெளியே எடுத்த மூட்டை எறிந்துவிடாமல் பாதுகாக்கும்படி முன்னதாகவே எழுதிக் கொடுங்கள். அதுவே முதன்மைச் சான்று.

4. மருத்துவச் சாதனங்களால் வரும் தீங்குகளைக் கண்காணிக்கும் தேசியத் திட்டம் 2015 முதல் இயங்குகிறது. 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளிகளும் தெரிவிக்கலாம். இதனால் இழப்பீடு கிடைக்காது. ஆனால் அடுத்தவர் காப்பாற்றப்படலாம்.

5. இழப்பீட்டிற்கு, செலுத்திய தொகை 50 இலட்சம் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கிடலாம். நிறுவனம் எங்கிருந்தாலும் நாம் வாழும் மாவட்டத்திலேயே, அதாவது விழுப்புரத்திலேயே தொடரலாம். செலுத்தியது 5 இலட்சத்திற்குள் என்றால் கட்டணம் இல்லை. வழக்கிடக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். தாமதத்திற்குத் தக்க காரணம் இருந்தால் ஆணையம் ஏற்கலாம். ஆலோசனைக்கு 1915 என்ற எண்ணை அழைக்கலாம்.

6. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையா? மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்கள், பட்டியல் இனத்தவர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு.

காப்பீட்டு நிறுவனம் பணம் செலுத்திய சிகிச்சையை இலவசச் சிகிச்சையாகக் கருத முடியாது என்று உச்சநீதிமன்றம் 1995-லேயே கூறியுள்ளது. எனவே காப்பீட்டில் செய்துகொண்டவர்கள் நமக்கு உரிமை இல்லை என்று ஒதுங்க வேண்டாம்.

அந்த அம்மா விண்ணப்பம் எழுதிக் கொடுத்துத் தம் ஆவணங்களைப் பெற்றுவிட்டார். வலிக்குக் காரணம் மூட்டா, வேறு ஏதாவதா என்று இன்னொரு மருத்துவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். விடை எதுவானாலும், இனி அவர் கண்டுபிடிக்க முடியாதவர்களின் பட்டியலில் இல்லை.

உங்கள் வீட்டில் மூட்டு மாற்று சிகிச்சை செய்துகொண்ட பெரியவர் இருக்கிறாரா? இன்று மாலை அவரிடம் அந்தத் தாள் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அவருக்காக நீங்களே விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். வலியில் இருப்பவருக்கு நாம் செய்யக்கூடிய நல்ல உதவி அதுவே.