விடியும்வரை காத்திருக்க முடியாத காய்ச்சல்

ஓசூர்க்காரர்களுக்கு பெங்களூரின் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை ஒன்றும் தொலைவில்லை. அத்திப்பள்ளியைத் தாண்டி ஓசூர் சாலையிலேயே போனால் வந்துவிடும். கீமோதெரபி ஏற்றிக்கொண்டு வீடு திரும்புகிறவர்களிடம் புற்றுநோய் மருத்துவர்கள் ஒன்றை அழுத்திச் சொல்லி அனுப்புவார்கள்: காய்ச்சல் வந்தால் நடுராத்திரியானாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

சாதாரணக் காய்ச்சலுக்கு ஏன் இவ்வளவு பதற்றம்?

கீமோ மருந்து, வேகமாகப் பிரிந்து பெருகும் செல்களைத் தாக்கும். புற்றுநோய் செல்கள் அப்படிப்பட்டவை. முடியின் வேரில் உள்ள செல்களும் அப்படித்தான். அதனால்தான் முடி கொட்டுகிறது. எலும்பு மஜ்ஜையில் ரத்தத்தை உருவாக்கும் செல்களும் இதில் அடிபடும். கிருமிகளை விழுங்கி அழிக்கும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள், நம் ரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 1,500க்கு மேல் இருக்கும். கீமோ முடிந்த 7 முதல் 14 நாட்களுக்குள் அவை 500க்கும் கீழே இறங்கிவிடலாம்.

கிருமி வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற பாக்டீரியாக்கள் நம் குடலிலேயே குடியிருக்கின்றன. கீமோவால் குடலின் உள்சுவர் புண்ணாகும்போது அவை ரத்தத்துக்குள் நுழைகின்றன. சீழ் என்பது பெரும்பாலும் இறந்துபோன நியூட்ரோஃபில்களின் குவியல். அவையே இல்லாதபோது சீழும் வராது, வீக்கமும் சரியாகத் தெரியாது. பல நேரங்களில் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். அதையும் பாராசிட்டமால் போட்டு மறைத்துவிட்டால் ஆபத்து.

நல்ல சூழலில் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். நான்கு மணி நேரத்தில் ஒன்று 4,096 ஆகிவிடும், கணக்குப் போட்டுப் பாருங்கள். எனவே நோயாளி வந்த 60 நிமிடத்துக்குள் ஆண்டிபயாடிக் ஏற்றிவிடப் பார்ப்பார்கள்.

எந்த ஆண்டிபயாடிக்? ரத்தத்தை எடுத்து ஊட்டச்சத்துத் திரவம் உள்ள பாட்டிலில் விட்டு, உடல் சூட்டில் வைப்பார்கள். கிருமி வளர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். ஒருவகை பாட்டிலில் அடியில் இருக்கும் வட்டு அப்போது மஞ்சளாகிவிடும். பிறகு அந்தக் கிருமியைத் தட்டில் பரப்பி, மருந்து தோய்த்த சிறு வட்டுகளை வைப்பார்கள். கிருமி சாகிற மருந்தைச் சுற்றி ஒரு வெற்று வளையம் தெரியும். இவ்வளவும் முடிய இரண்டு மூன்று நாளாகும். அதுவரை மருத்துவர் அனுபவத்தை வைத்தே மருந்து கொடுக்கிறார். அந்த மருந்துக்கு அடங்காத கிருமியாக இருந்தால், கையிலிருந்த நேரம் போய்விடுகிறது.

கிருமிகள் எப்படித் தப்பிக்கின்றன? சில பாக்டீரியாக்கள் மருந்து மூலக்கூறின் வளையத்தைக் கத்தரிபோல் வெட்டிவிடும் நொதியைச் சுரக்கின்றன. அதைச் செய்யும் மரபணுவைப் பக்கத்துக் கிருமிக்கும் கொடுத்துவிடுகின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் குமாரசாமி கார்த்திகேயனும் பிற நாட்டு ஆய்வாளர்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், என்டிஎம்-1 என்ற இத்தகைய நொதியுள்ள கிருமிகள் சென்னையில் மட்டும் 44 மாதிரிகளில் இருந்தன.

சளிக்கு வைரஸ் காரணமாக இருக்கும்போதும் மெடிக்கலில் நாமாக ஆண்டிபயாடிக் வாங்கி விழுங்கினால், குடலில் மருந்துக்குச் சாகும் கிருமிகள் செத்து, சாகாதவை பெருகும். அவை பிறருக்கும் பரவும். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்: மாத்திரை போட்டவர் ஒருவர், அதன் விலையைக் கொடுப்பவர் கீமோ வார்டில் படுத்திருக்கும் இன்னொருவர். வலிமையான பல ஆண்டிபயாடிக்குகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2014 மார்ச் முதல் நடப்பில் இருக்கிறது.

கீமோவுக்குப் பிறகு காய்ச்சலோடு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் மருந்துகளில் ஒன்று செஃபிபிம். அதையும் வெட்டும் நொதிகள் உண்டு. சென்னையின் ஆர்க்கிட் நிறுவனம் கண்டுபிடித்த என்மெட்டாசோபாக்டம், அந்தக் கத்தரியின் வாயில் போய்ச் சிக்கிக்கொள்ளும். செஃபிபிம் தப்பித்துத் தன் வேலையைச் செய்யும். தீவிரமான சிறுநீர்த் தொற்றுக்கு இந்தக் கூட்டு மருந்தை அமெரிக்கா 2024 பிப்ரவரியில் அனுமதித்தது. ஆனால் என்டிஎம்-1 வேறு வகைக் கத்தரி; அது துத்தநாக அணுக்களை வைத்துக்கொண்டு வெட்டுகிறது. அதன் வாயில் இந்த மூலக்கூறு சிக்குவதில்லை. சிக்கக்கூடிய மூலக்கூறைத் தேடும் வேலை ஆய்வகங்களில் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.