புகையை விட்டு ஆவிக்குப் போகலாமா?

சென்ற மாதம் நூல் வழங்கும் நாளன்று நமது சங்கக் காரியாலயத்திற்கு வந்திருந்த அங்கத்தினர் ஒருவர், பேரேட்டில் கையெழுத்திட்ட பின்பும் போகாமல் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். மற்றவர்கள் கலைந்ததும், மடியிலிருந்து விரல் நீளமுள்ள பளபளப்பான குழல் ஒன்றை எடுத்து மேசைமீது வைத்தார். பார்வைக்கு எழுதுகோல் போலவே இருந்தது. மாம்பழ வாசனை வீசிற்று. மலேசியாவில் வேலை பார்க்கும் அவருடைய மகன் விடுமுறையில் வந்தபோது கொண்டுவந்து கொடுத்ததாம்.

“சிகரெட்டுக்குப் பதில் இதை இழுங்கள் அப்பா, ஒரு மாதத்தில் அது தானாக விட்டுப்போகும் என்று பிள்ளை சொன்னான். மாதம் ஒன்று ஆகிவிட்டது ஐயா. முன்பு நாளுக்குப் பதினைந்து, இப்போது எட்டு. ஆனால் இதையும் இழுக்கிறேன், அதையும் பிடிக்கிறேன். இது நல்லதா, கெட்டதா? படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்” என்றார்.

இதை ஒருவருடைய கேள்வியாக மட்டும் நாம் கருதவில்லை. சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடா நாடுகளிலோ பிள்ளை ஒருவன் இல்லாத தெரு நம் மாவட்டத்தில் அரிது. தைலமும் சோப்பும் வரும் பெட்டியில் இந்தக் குழலும் வரத் தொடங்கியிருக்கிறது. ஆதலால் அவருக்குச் சொல்ல நேர்ந்ததை எல்லா அங்கத்தினர்களும் அறியும்படி இங்கே எழுதுகிறோம்.

மின் சிகரெட் என்றும், இளைஞர் வாயில் ‘வேப்’ என்றும் வழங்கும் இக்கருவியின் அமைப்பு எளிதானது. உள்ளே ஒரு மின்கலம். அதனோடு இணைந்த மெல்லிய கம்பிச் சுருள். சுருளின் நடுவே ஒரு திரி. அந்தத் திரி பெரும்பாலும் பஞ்சுதான் என்று கேட்டால் நமது நெசவாளர்கள் வியப்படைவார்கள். கிளிசரின் முதலிய திரவங்களில் நிக்கோட்டினும் வாசனைச் சரக்கும் கலந்து வைத்திருப்பார்கள். திரி அதை உறிஞ்சும், சுருள் சூடேறும், திரவம் ஆவியாகும், அந்த ஆவியை இழுப்பார்கள். இன்று உலகெங்கும் பரவியுள்ள இவ்வமைப்பை 2003-ஆம் ஆண்டு சீனாவில் ஹான் லிக் என்ற மருந்தியலார் உருவாக்கினார். அவரும் புகைப்பவர்; அவருடைய தந்தையார் புகைத்துப் புகைத்து நுரையீரல் புற்றுநோயால் மாண்டவர். இத்தனைக்கும் பிற்காலத்தில் ஹான் லிக், தாம் சிகரெட்டையும் குழலையும் சேர்த்தே உபயோகிப்பதாகச் சொல்லியிருக்கிறார். நமது அங்கத்தினரின் நிலை கருவியைப் படைத்தவருக்கே நேர்ந்த நிலைதான்.

சிகரெட்டுக்கும் இதற்கும் உள்ள வேற்றுமையை மறைப்பதில் பயனில்லை. சிகரெட்டில் இலை எரிகிறது. இழுக்கும்போது அதன் நுனி சுமார் 900 டிகிரி வரை சூடேறுகிறது. அந்த நெருப்பிலிருந்துதான் தாரும், கார்பன் மோனாக்ஸைடு என்ற நச்சு வாயுவும் பிறக்கின்றன. புகையில் உள்ள இரசாயனங்கள் 7,000-க்கு மேல். அவற்றுள் 70 அளவில் புற்றுநோயை விளைவிக்கக் கூடியவை. நமது பீடி இதற்குச் சளைத்ததன்று. அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டியிருப்பதால் தாரும் வாயுவும் அதிகமாகவே உள்ளே போகின்றன. குழலிலோ எதுவும் எரிவதில்லை. ஆகவே புகைப்பவர் ஒருவர் புகையை அறவே நிறுத்தி முழுவதும் ஆவிக்கு மாறினால், அவர் உடலில் சேரும் நஞ்சு வெகுவாகக் குறைகிறது என்பது மருத்துவர் பலரும் ஒப்புக்கொண்ட செய்தி. இங்கிலாந்தில் அரசாங்க மருத்துவத் துறையே, சிகரெட்டை விட விரும்பும் பெரியவர்களுக்கு இதை ஒரு வழியாகச் சொல்லுகிறது. பல நாட்டுச் சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் குழுவின் கணக்கு இது: நிக்கோட்டின் மெல்லு பசை, ஒட்டுப்பட்டை ஆகியவற்றின் உதவியால் விட்டவர்கள் நூற்றுக்கு 6 பேர், மின் சிகரெட்டின் உதவியால் விட்டவர்கள் 8 முதல் 11 பேர், மருந்தின்றி, ஆலோசனை மட்டும் பெற்றோ அதுவுமின்றியோ விட்டவர்கள் 4 பேர். எந்த வழியிலும் தோற்றவர்களே மிகுதி என்பதையும் இதில் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் மகன் சொன்னது சரிதானே என்று கேட்கலாம். பாதி சரி. ‘முழுவதும் மாறினால்’ என்ற நிபந்தனையில்தான் சூட்சுமம் இருக்கிறது. பதினைந்தை எட்டாகக் குறைத்ததில் பாதி ஆபத்து நீங்கியதாக நமது அங்கத்தினர் எண்ணியிருந்தார். இருதய நோயைப் பொறுத்தவரை கணக்கு அவ்வாறு இறங்குவதில்லை. நாளொன்றுக்கு ஒரு சிகரெட்டே இரத்தக் குழாய்களுக்குப் பெருங்கேடு செய்யப் போதும். இரண்டையும் பிடிப்பவருக்குப் புகையின் தீங்கும் தொடர்கிறது. நிக்கோட்டின் அடிமைத்தனமும் முன்னிலும் இறுகுகிறது. சிகரெட்டுக்காவது வெளியே எழுந்து போக வேண்டும். குழலைத் தறிக்குழியில் இருந்தபடியே இழுக்கலாமல்லவா?

இனிச் சட்டத்திற்கு வருவோம். தமிழ்நாட்டு அரசு 2018-லேயே மின் சிகரெட்டைத் தடை செய்தது. 2019 செப்டம்பர் 18-ஆம் நாள் மத்திய அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. அவ்வாண்டு டிசம்பரில் அது நாடாளுமன்றத்தின் சட்டமாயிற்று. அதன்படி இக்கருவியைச் செய்வதும், இறக்குமதி செய்வதும், விற்பதும், கொண்டுசெல்வதும், விளம்பரம் செய்வதும் குற்றம். முதல் முறை அகப்பட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை மூன்றாண்டு வரை சிறையும் 5 லட்சம் வரை அபராதமும். இருப்பு வைத்திருந்தால் ஆறு மாதம் வரை சிறையோ, 50,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ. இழுப்பதையே ஒரு தனிக் குற்றமாகச் சட்டம் எழுதவில்லை. ஆயினும் இழுப்பதற்கு வேண்டிய பொருள் நேர்வழியில் கைக்கு வரும் எல்லா வாயில்களையும் அது அடைத்துவிட்டது.

கொடிய சிகரெட் மூலைக்கு மூலை தொங்க, அதனினும் தீமை குறைந்தது தடை செய்யப்பட்டிருப்பது முரண் அல்லவா? முரண்தான் என்பது நம் அபிப்பிராயமும். ஆனால் அதற்குக் காரணம் இல்லாமலில்லை. அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளிடையே இது காட்டுத்தீபோலப் பரவியதைச் சட்டம் இயற்றியோர் கண்டார்கள். மாம்பழமும் மிட்டாயுமாக வாசனை சேர்ப்பது முப்பது ஆண்டு பீடி குடித்தவருக்காகவா, பதினைந்து வயதுப் பையனுக்காகவா என்று யோசித்தால் விடை விளங்கும். இதை ஆதரிக்கும் இங்கிலாந்தே, ஒருமுறை உபயோகித்து எறியும் குழல்களை 2025 ஜூன் முதல் தடை செய்துவிட்டது.

தடையின் விளைவாக இங்கே கிடைப்பவை யாவும் திருட்டுச் சரக்கு. இங்கிலாந்தில் ஒரு மில்லிலிட்டரில் 20 மில்லிகிராமுக்கு மேல் நிக்கோட்டின் இருக்கக் கூடாது என்று விதியுண்டு. திருட்டுச் சரக்கில் 50 மில்லிகிராம் வரையிலும் இருப்பதுண்டு. மேலே அச்சிட்டதும் உள்ளே உள்ளதும் ஒன்றுதானா என்று சோதிப்பார் இல்லை. 2019-லும் 2020 தொடக்கத்திலும் அமெரிக்காவில் ஆவி இழுத்து நுரையீரல் புண்பட்டு மருத்துவமனை சேர்ந்தவர்கள் 2,800-க்கு மேல். மாண்டவர்கள் 68 பேர். கஞ்சாச் சத்துக் கலந்த கள்ளச் சரக்கில் சேர்த்திருந்த ஒருவகை வைட்டமின்-ஈ எண்ணெயே அதற்கு முக்கிய காரணம் எனக் கண்டார்கள்.

நமது விவசாய அங்கத்தினர்களுக்கு நிக்கோட்டின் புதியதன்று. அசுவினிக்குப் புகையிலைக் கஷாயம் தெளித்தவர்கள் அதன் வேகத்தை அறிவார்கள். பூச்சி மடிவது அதிலுள்ள நிக்கோட்டினால்தான். ஈரப் புகையிலையை அறுக்கும் கூலியாட்களுக்குத் தோல் வழியே அது ஏறித் தலைசுற்றலும் வாந்தியும் வருவதுண்டு. அதே நஞ்சு இங்கே இனிப்பு வாசனையோடு சிறு புட்டியில் இருக்கிறது. தவழும் குழந்தை எடுத்து வாயில் வைத்தால் உயிருக்கே ஆபத்து. மற்ற எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

சிங்கப்பூர் செல்லும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அங்கே 2018 பிப்ரவரி முதல் இக்கருவியை வைத்திருப்பதும் இழுப்பதுமே குற்றம். 2025 செப்டம்பர் முதல் தண்டனையைக் கடுமையாக்கியிருக்கிறார்கள். அயல்நாட்டுத் தொழிலாளி மீண்டும் மீண்டும் அகப்பட்டால் வேலை அனுமதி ரத்தாகித் திருப்பி அனுப்பப்படலாம். கடன் வாங்கிப் போன பிள்ளை ஒரு குழலுக்காகத் திரும்பி வருவதா?

குழல் வேண்டாமென்றால் வேறு வழி என்ன? இருக்கிறது, அதற்கு விமானம் ஏற வேண்டியதில்லை. மருந்துக் கடையில் நிக்கோட்டின் மெல்லு பசை கிடைக்கிறது. 2022-இல் திருத்திய தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதுவும் சேர்க்கப்பட்டது. 2 மில்லிகிராம் பசைக்குச் சீட்டு வேண்டியதில்லை. விழித்த அரைமணிக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவருக்கு 4 மில்லிகிராம் தேவைப்படலாம். அதற்கு மருத்துவர் சீட்டு வேண்டும். அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும், கருவுற்ற பெண்களும் மருத்துவரைக் கேளாமல் தொடக் கூடாது.

மெல்லும் முறை தெரியாமல்தான் பலர் இதைப் பயனற்றதென்று எறிந்துவிடுகிறார்கள். மிட்டாய்போல் விடாது மென்றால் நிக்கோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் எரிச்சலும் தரும். மெதுவாக மென்று, மிளகுபோல் காரம் தட்டியதும் நிறுத்திக் கன்னத்தில் ஒதுக்கிவைக்க வேண்டும். காரம் அடங்கியபின் மறுபடி சிறிது மென்று மறு கன்னத்தில் ஒதுக்க வேண்டும். இவ்வாறு அரைமணி நேரம். வெற்றிலை ஒதுக்கிப் பழகியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மெல்லுவதற்குக் கால்மணி முன்பிருந்து டீயோ காப்பியோ கூடாது. முதல் சில வாரங்களுக்கு மணிக்கொன்று என்றுகூட வேண்டியிருக்கும். பின்பு படிப்படியாகக் குறைத்து மூன்று மாதத்தில் நிறுத்திவிடலாம். ஒரு நாள் குறித்து, அன்று முதல் சிகரெட்டை முழுவதும் நிறுத்திவிட்டே பசையைத் தொடங்குவது நல்லது.

முதல் மூன்று நாள்தான் கடினம். எரிச்சல், தூக்கமின்மை, யாரைக் கண்டாலும் கோபம் யாவும் வரும். வீட்டிலுள்ளவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் இவை தணியும். தனித்துச் சமாளிக்க இயலாதவர்கள் 1800-11-2356 என்ற கட்டணமில்லாத எண்ணை அழைக்கலாம். புகையிலைப் பொட்டலங்களின்மேல் அச்சிடப்படும் எண் இதுதான். பெட்டியை நாள்தோறும் திறப்பவர்கள் அதைப் படிப்பதில்லை. புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மருத்துவரிடம் வாய் திறந்து கேட்கலாம்.

நெசவாளர்களுக்கு இதில் தனிக் காரணம் ஒன்று உண்டு. பஞ்சாலைத் தொழிலாளரின் நெஞ்சைப் பஞ்சுத் தூசி இறுக்கி நோயாக்குவதும், புகைப்பவர்களிடம் அது முற்றுவதும் நெடுநாளாக அறிந்தவை. கைத்தறியில் தூசி அவ்வளவில்லை. ஆயினும் நூல் சுற்றும் இடத்தில் பறக்கும் பஞ்சை நாமெல்லோரும் சுவாசிக்கிறோம். அதன்மேல் புகையையும் ஏற்றுவானேன்?

இவ்விடத்தில் நமது ஊர்ப் பெண்மணி ஒருவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1886-ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் பிறந்து, மகாராஜா கல்லூரியில் ஆண் மாணவரிடையே படித்து மருத்துவரான முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரிலிருந்து அவர் முயன்று எழுப்பியதே 1954-ல் அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் நிலையம். 2002-ல் நாட்டில் முதன்முதலாகத் தோன்றிய புகையிலை விடுவிப்பு மையங்களுள் ஒன்று அங்கேதான் அமைந்தது.

நமது அங்கத்தினர் சென்ற வாரம் மீண்டும் நூல் வாங்க வந்தார். கன்னம் ஒருபுறம் சற்றுப் புடைத்திருந்தது. சிகரெட்டை நிறுத்திப் பத்தொன்பது நாள் ஆயிற்றாம். நடுவில் ஒருநாள், துக்க வீட்டில், ஒன்று பிடித்துவிட்டதாகத் தாமே சொன்னார். மறுநாள் காலை மறுபடி தொடங்கினாராம். இரவு இருமல் குறைந்திருக்கிறது. காலையில் முதல் டீ குடித்தவுடன் மட்டும் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகிறது என்றார். குழலை என்ன செய்தீர் என்று கேட்டோம். அதற்குள் மின்கலம் இருப்பதால் குப்பையோடு எரிக்க வேண்டாமென்று முன்பே சொல்லியிருந்தோம். பழைய செல்போனோடு கட்டி, பேரப்பிள்ளைக்கு எட்டாத பரணில் போட்டிருப்பதாகவும், மின்கழிவு வாங்குவோர் வந்தால் கொடுத்துவிடுவதாகவும் சொல்லிவிட்டு, இரண்டு கட்டு நூலைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனார்.