நோயாளியின் ரத்தத்தை ஏற்றிக்கொண்ட டாக்டர்!

நோயாளியின் உடம்பிலிருந்து ரத்தம் எடுக்கப்பட்டது. அதைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டார், ஒரு டாக்டர்!

அவர் பைத்தியக்காரர் அல்ல. அமெரிக்க சர்க்காரின் சுகாதார டாக்டர். பெயர், ஜோசப் கோல்ட்பர்கர்.

ஏன் இப்படிச் செய்தார்? ஏழைகளை வாட்டிய ஒரு நோய்க்கு உண்மையான காரணம் எது என்று நிரூபிக்க!

மளிகைக் கடைக்காரர் மகன்

கோல்ட்பர்கர் 1874-ல் ஹங்கேரி நாட்டில் பிறந்தார். குடும்பம் பிழைப்பு தேடி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியது. நியூயார்க் நகரில் ஏழைகள் வாழும் பகுதியில், தந்தை மளிகைக் கடை வைத்தார்.

மகன் முதலில் என்ஜினீயர் படிப்பில்தான் சேர்ந்தார். ஒரு நாள் மருத்துவக் கல்லூரியில் ஒரு பேராசிரியரின் பேச்சைக் கேட்டார். மனம் மாறியது. 1895-ல் டாக்டர் ஆனார்.

சிறிய ஊர் ஒன்றில் சொந்தமாக வைத்தியம் பார்த்தார். அதில் மனம் நிற்கவில்லை. 1899-ல் சர்க்கார் சுகாதார வேலையில் சேர்ந்தார். எங்கே தொற்றுநோய் பரவியதோ, அங்கே அவரை அனுப்பினார்கள். மஞ்சள் காய்ச்சல், டெங்கு, டைபஸ் மூன்றும் அவரையும் பிடித்தன. மூன்றிலும் பிழைத்தார்!

நர்சுக்கு வரவில்லையே!

அப்போது அமெரிக்காவின் தென் மாநிலங்களில் “பெல்லாக்ரா” என்ற நோய் பரவியிருந்தது. தோல் சிவந்து, கருத்து, உரியும். வயிற்றுப்போக்கு நிற்காது. பிறகு புத்தி கலங்கும். கடைசியில் சாவு.

இது கிருமியால் வரும் தொற்றுநோய் என்று பல டாக்டர்கள் நம்பினார்கள். 1914-ல் கோல்ட்பர்கரைச் சர்க்கார் அங்கே அனுப்பியது.

அவர் அநாதை விடுதிகளையும் மனநோய் ஆஸ்பத்திரிகளையும் சுற்றிப் பார்த்தார். ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அங்கே இருந்த குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் பெல்லாக்ரா வந்தது. அவர்களைத் தொட்டுப் பணிவிடை செய்த நர்சுகளுக்கு வரவில்லை!

தொற்றுநோய் என்றால் நர்சை மட்டும் எப்படி விடும்?

சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தார். குழந்தைகளுக்கு மக்காச்சோளமும் பாகும்தான் பெரும்பாலும் கிடைத்தன. ஊழியர்களுக்குப் பாலும் இறைச்சியும் கிடைத்தன.

மிசிசிப்பி மாநிலத்தில் இரண்டு அநாதை விடுதிகளில் பால், முட்டை, இறைச்சி, பயறு கொடுக்கச் செய்தார். நோய் ஓடிவிட்டது!

ஜெயிலில் சோதனை

1915-ல் அவர் நேர்மாறான சோதனை நடத்தினார். மிசிசிப்பி ஜெயில் பண்ணையில் கைதிகள் சிலர் சோதனைக்கு முன்வந்தார்கள். விடுதலை செய்வதாகக் கவர்னர் வாக்களித்திருந்தார். அவர்களுக்கு ஏழைகளின் சத்தில்லாத சாப்பாடே கொடுக்கப்பட்டது. சில மாதங்களில் 11 பேரில் 6 பேருக்குப் பெல்லாக்ரா வந்தது. கைதிகளை இப்படிச் சோதனைக்கு உள்ளாக்குவதை இன்றைய மருத்துவ உலகம் ஏற்காது.

அப்போதும் பலர் நம்பவில்லை. “கிருமிதான்” என்று சாதித்தார்கள்.

1916-ல் கோல்ட்பர்கர் தன் உடம்பையே பணயம் வைத்தார். நோயாளியின் ரத்தத்தை ஏற்றிக்கொண்டார். நோயாளிகளின் தோல் செதிலையும் கழிவையும் மாவில் கலந்து, உருட்டி விழுங்கினார்! கூட வேலை செய்த டாக்டர்களும் விழுங்கினார்கள். மனைவி மேரியும் பின்வாங்கவில்லை. நோயாளியின் ரத்தத்தை ஊசி மூலம் ஏற்றிக்கொண்டார்.

ஒருவருக்கும் பெல்லாக்ரா வரவில்லை!

சம்பளமும் நோயும்

கோல்ட்பர்கர் இதோடு நிற்கவில்லை. நல்ல சாப்பாடு ஏன் ஏழைக்குக் கிடைக்கவில்லை என்று கேட்டார்.

எட்கர் சைடன்ஸ்ட்ரிக்கர் என்ற பொருளாதார நிபுணரைத் துணைக்குச் சேர்த்தார். தென் கரோலினா மாநிலத்தில் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வாழ்ந்த 7 ஊர்களை எடுத்துக்கொண்டார்கள். வீடு வீடாகப் போய், என்ன சம்பளம், என்ன வாங்கினார்கள், யாருக்கு நோய் என்று எழுதினார்கள்.

சம்பளம் குறையக் குறைய நோய் கூடியது. சம்பளம் கூடக் கூட நோய் குறைந்தது. பக்கத்தில் பாலும் காய்கறியும் இறைச்சியும் கிடைத்த ஊரில் நோய் குறைவு. எங்கு பார்த்தாலும் பருத்தியே விளைந்த இடத்தில், காசு இருந்தவனுக்கும் நல்ல உணவு கிடைப்பது அரிது.

பருத்தி விலை சரிந்ததும் நோய் பெருகும் என்று 1921-ல் எச்சரித்தார். “எங்கள் ஊரில் பட்டினியா?” என்று தென் மாநிலத் தலைவர்கள் சிலர் கோபித்தார்கள். உதவி வேண்டாம் என்றார்கள்! கௌரவம் பார்த்தது தலைவர்கள். நோயில் கிடந்தது ஏழைகள்.

1927-ல் மிசிசிப்பி ஆற்றில் பெருவெள்ளம் வந்தது. மலிவான ஈஸ்ட் இந்த நோயைத் தடுக்கும் என்பதை அதற்குள் கோல்ட்பர்கர் கண்டுபிடித்திருந்தார். செஞ்சிலுவைச் சங்கம் அதை ஏழைகளுக்கு வழங்கியது.

காணாமல் போன மகிழ்ச்சி

1929-ல் கோல்ட்பர்கர் புற்றுநோயால் இறந்தார். உணவில் குறைந்த சத்து எது என்று அவருக்குக் கடைசி வரை தெரியாது. 1937-ல் கான்ராட் எல்வெஜெம் என்ற விஞ்ஞானி அதைக் கண்டுபிடித்தார். அதுதான் நியாசின் என்ற வைட்டமின்.

மக்காச்சோளத்தில் உள்ள நியாசின் உடம்பில் எளிதில் சேராது. மெக்சிகோ தாய்மார்கள் பரம்பரையாகச் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து அரைப்பார்கள். அப்படிச் செய்தால் சேரும்!

பிறகு அமெரிக்காவில் மாவிலும் ரொட்டியிலும் நியாசின் கலந்தார்கள். மக்களின் வருமானமும் உயர்ந்தது. பெல்லாக்ரா அங்கே ஏறக்குறைய மறைந்தது.

வைட்டமினின் பெயர் தெரியாமலே, வைத்தியம் எங்கே இருக்கிறது என்று கோல்ட்பர்கர் காட்டிவிட்டார். அது ஏழையின் சமையலறையில் இருந்தது. அந்தச் சமையலறை நிறைய, கூலி வேண்டும் என்பதையும் அவர் கணக்குப் போட்டுக் காட்டினார்!